மூட்டு மாற்று அறுவை முடிந்து 3 வாரம்: 75 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, முழுசாக நீளவும் இல்லை

காவிரிக்கரை:

வணக்கம். அம்மாவுக்கு வயது 66, எடை 72 கிலோ. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 3 வாரம் ஆகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். 14ஆம் நாள் தோலில் போட்டிருந்த பின்களை (ஸ்டேப்பிள்) எடுத்தார்கள். தையல் காய்ந்துவிட்டது, கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார்.

வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். நேற்று கோணமானி வைத்து அளந்தபோது மடக்கம் 75 டிகிரி. நீட்டும்போது 10 டிகிரி பாக்கி நிற்கிறது. அவர் காலைப் பிடித்து அழுத்தி மடக்குகிறார். அம்மா வலி தாங்காமல் கத்துகிறார். அன்று சாயங்காலமே முட்டி பந்து மாதிரி வீங்கிவிடுகிறது, மறுநாள் 60 டிகிரிகூட மடங்குவதில்லை. படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் வலி அடங்குகிறது என்கிறார், அதனால் ராத்திரி முழுக்க வைத்துவிடுகிறோம்.

கேள்விகள்: 3 வாரத்துக்கு இந்த அளவு மோசமா? மடக்குவதில் கவனம் வைக்க வேண்டுமா, நீட்டுவதிலா? இப்படி அழுத்தி மடக்குவது சரியா? போட்டது அதிகமாக மடங்கும் வகை மூட்டு, அதனால் தானாகவே மடங்கிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், உண்மையா? தைலம் தேய்த்து உருவிவிட ஆள் வரச் சொல்லட்டுமா என்றும் கேட்கிறார்கள்.

---

தொடைத்தசை (பிசியோதெரபிஸ்ட்):

முதல் வேலை, முட்டிக்கு அடியில் இருக்கும் தலையணையை எடுப்பது. இன்று ராத்திரியிலிருந்தே. அம்மா சொல்வது பொய்யில்லை. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது முட்டி 30 டிகிரி வாக்கில் மடங்கியிருந்தால்தான் உள்ளே அழுத்தம் குறையும், வலி அடங்கும். ஆனால் ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு மணி நேரம் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கச் சவ்வும் பின்தொடைத் தசையும் அந்த நீளத்திலேயே இறுகிவிடும். பகலில் அரை மணி நேரம் செய்யும் பயிற்சி அதை ஈடுகட்டாது. காலை உயர்த்த வேண்டுமானால் தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள், முட்டிக்குப் பின்னால் காற்று புக வேண்டும்.

75 டிகிரி இந்தக் கட்டத்தில் குறைவுதான். பெரும்பாலானவர்கள் 2 முதல் 3 வாரத்தில் 90ஐத் தொடுவார்கள். ஆனாலும் கைமீறிப் போகவில்லை. எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த 10 டிகிரி. மடக்கம் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வரும். நீட்டம் அப்படியில்லை, முதல் 6 வாரத்தில் பிடிக்காவிட்டால் பிறகு பிடிப்பது மிகவும் கடினம். முட்டி மடங்கியபடியே நடந்தால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் களைப்பு, நொண்டல், பின்னாடியே இடுப்பு வலி. அதனால் ஒவ்வொரு முறையும் நீட்டல் பயிற்சி முதலில், மடக்கல் இரண்டாவது.

அந்த 10 டிகிரி எந்த வகை என்று முதலில் பாருங்கள். அம்மாவை மல்லாந்து படுக்க வைத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலை முழுக்கத் தளரவிடச் சொல்லுங்கள். அப்போது முட்டி நேராகிவிடுகிறது, ஆனால் அவராகக் காலைத் தூக்கும்போது மட்டும் மடங்கித் தொங்குகிறது என்றால் மூட்டில் இறுக்கம் இல்லை, தொடைத் தசைக்குத்தான் பலமில்லை. தளரவிட்டாலும் நேராகவில்லை என்றால் பின்பக்கம் இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இறுக்கம் என்றால்: சுமார் 10 செ.மீ. தடிமனுக்குத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கெண்டைக்கால், முட்டி, தொடையின் கீழ்ப்பாதி எதுவும் மெத்தையில் படக்கூடாது. மெத்தை அமுங்கினால் தரையில் பாய் விரித்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், இப்போது தரையில் உட்கார்ந்து எழுவது ஆபத்து. கட்டிலில் பலகை போட்டுக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் தொடங்கி 10 நிமிடம் வரை, நாளைக்கு 4 முறை. பாதம் வெளிப்பக்கம் சரிந்தால் முட்டியும் சரிந்து மடங்கிவிடும், கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மூன்று நான்கு நாள் பழகியபின் அரை கிலோ அரிசியை ஒரு பையில் கட்டி முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் மீது வைக்கலாம். சில்லின் மேலேயே வைக்காதீர்கள். பின்தொடையில் இழுப்பது போல் வலித்தால் அது சரியான வலி. முட்டிக்குள் குத்தினால் எடையை எடுத்துவிடுங்கள்.

தசை பலவீனம் என்றால்: அறுவைக்குப் பிறகு முதல் மாதத்தில் தொடை முன்தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். தசை வற்றுவது ஒரு காரணம்தான். மூட்டுக்குள் இருக்கும் நீர், 'இந்தத் தசையை இயக்காதே' என்று நரம்பு வழியாகத் தடுத்துவிடுகிறது என்பதுதான் பெரிய காரணம். ஆகவே வீக்கத்தைக் குறைப்பதே பாதித் தசைப் பயிற்சி. செய்ய வேண்டியது இதுதான்: கால் நீட்டிப் படுத்து, முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அமுக்கி, பாதத்தைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிச்சில்லைப் பாருங்கள். தசை வேலை செய்தால் சில்லு இடுப்பை நோக்கி ஒரு விரல் அகலமாவது மேலே நகரும், அதற்கு உட்பக்கமாகச் சதை திரண்டு நிற்கும். சில்லு அசையாமல் பிட்டம் மட்டும் இறுகினால் அந்தத் தடவை கணக்கில் சேராது. அம்மாவின் கையைத் தொடை மேல் வைத்து, இறுகுகிறதா என்று அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடது காலில் முதலில் செய்து காட்டி, அதே உணர்வை வலதில் தேடச் சொன்னால் சீக்கிரம் பிடிபடும். 5 நொடி பிடித்து விட வேண்டும், 10 தடவை, விழித்திருக்கும்போது 2 மணிக்கொரு முறை. மூச்சை அடக்கக்கூடாது.

சில்லு ஒழுங்காக மேலே வந்த பிறகுதான் நேர்காலைத் தூக்கும் பயிற்சி. பலர் முதல் நாளிலிருந்தே 100 தடவை தூக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். முட்டி மடங்கித் தொங்கியபடி 100 தடவை தூக்கினால் இடுப்புத் தசைதான் வளரும். சுத்தமாகத் தூக்கிய 8 தடவை போதும். சில்லு அசையவே இல்லை என்றால் தசையைத் தூண்டும் மின்கருவி உதவும், உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு அது கூடாது.

இனி மடக்கல். அழுத்தி மடக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். கத்தும் அளவு வலித்தால் தொடைத் தசை தற்காப்பாக இறுகிக்கொள்ளும், அதையும் மீறி அழுத்தினால் உள்ளே மெல்லிய திசுக்கள் கிழிந்து நீர் கோக்கும். அன்று 75 வந்தது, மறுநாள் 60கூட வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான் காட்டுகிறது. அதற்குப் பதில் நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தைத் தரையில் வழுக்கியபடி எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு கொண்டுபோகச் சொல்லுங்கள். தரை வழுக்க, பாதத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். அங்கே பாதத்தை ஊன்றிவிட்டு, இடுப்பை இருக்கையில் இரண்டு விரல்கடை முன்னால் நகர்த்த வேண்டும். முட்டி தானாக இன்னும் கொஞ்சம் மடங்கும். 20 நொடி பிடித்துப் பின்னால் வரலாம். 10 தடவை, நாளைக்கு 4 முறை. தன் உடம்பைத் தானே நகர்த்துவதால் எங்கே நிறுத்துவது என்பது அவர் கையிலேயே இருக்கிறது, பயம் குறையும், தசை தளரும். வலது பக்க இடுப்பைத் தூக்கி ஏமாற்றுவார்கள், இரண்டு பிட்டமும் இருக்கையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள முட்டிச்சில்லின் நடுவில் டேப் சுற்றி, தினமும் காலையில் எழுந்தவுடன் அளந்து எழுதுங்கள். முந்தைய காலையைவிட 1 செ.மீ. கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம், இன்று நடையையும் பயிற்சியையும் பாதியாக்குங்கள். பயிற்சிக்குப் பின் வலி 2 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி.

---

வார்டு_சிஸ்டர்:

பயிற்சி பற்றி மேலே விவரமாக வந்துவிட்டது. மருந்து, ஐஸ், பார்க்க வேண்டிய அறிகுறி, சாப்பாடு இவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு 45 நிமிடம் முன்னால் கொடுங்கள். வலி வந்தபின் கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் பிசியோ வந்து போய்விடுவார். டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தால் அதில் பாராசிட்டமால் ஏற்கெனவே 325 மி.கி. இருக்கும். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் 650 மி.கி. மாத்திரையையும் சேர்த்துப் போடும்போது மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், எல்லா வழியிலும் சேர்த்து நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரும், சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கும். டிரமடால் மலச்சிக்கல் தரும், தலை சுற்றும். இதோடு ராத்திரி நரம்பு வலிக்கு பிரிகாபலினும் இருந்தால் நடுராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது கூடப் போக வேண்டும். வீட்டுக்கு வந்தபின் விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஐஸ் பயிற்சி முடிந்தவுடன் 15 முதல் 20 நிமிடம். கடையில் வாங்கிய ஜெல் பேக் வேண்டும் என்றில்லை. ஐஸ் கட்டியைத் தட்டி இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தோலுக்கும் அதற்கும் நடுவில் ஈரத்துண்டு வைத்து முட்டியைச் சுற்றிப் போர்த்துங்கள். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கையகல இடம் மரத்திருக்கும். கீறும்போது தோல் நரம்பு அறுபடுவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே ஐஸ் சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது, அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பாருங்கள். ஐஸ் வைக்கும்போது கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது கணக்கில் வராது, படுத்துத்தான் ஆக வேண்டும். முட்டி தொட்டால் சூடாக இருப்பது ஆறு மாதம் வரைகூட இருக்கும், அது மட்டும் இருந்தால் சீழ் என்று அர்த்தமில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: கெண்டைக்கால் இறுகி, அமுக்கினால் வலித்து, ராத்திரி உயர்த்தி வைத்தும் காலையில் வற்றாத வீக்கம். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி. இவை ரத்தக்கட்டியாக இருக்கலாம். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், பிசியோவிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காய்ந்த தையலில் திரும்பக் கசிவு, பரவும் சிவப்பு, குளிர் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுதல் இவை கிருமித் தொற்றைக் காட்டலாம். இந்த நிலையில் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். கிருமி சாகாது, பரிசோதனையில் மட்டும் தெரியாமல் மறைந்துகொள்ளும். அறுவை செய்த டாக்டர் மூட்டு நீரை எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று சொல்லி ரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்னமும் நிறைய. தசை வளர வேண்டிய நேரத்தில் இது நேர் எதிர் வேலை. அம்மா எடைக்கு நாளைக்கு 80 கிராம் புரதத்துக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கோழி இறைச்சியில் 25 கிராம் வாக்கில் இருக்கும். சைவம் என்றால் சுண்டல், பருப்பு, தயிர், பனீர் வேளைக்கு ஒன்றாவது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். சர்க்கரை எகிறினால் புண் ஆறாது, வாரம் இரண்டு நாளாவது வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பாருங்கள்.

---

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. தலையணையை எடுத்துவிட்டோம். துண்டு வைத்துப் பார்த்தேன்: தளரவிட்டாலும் முட்டி நேராகவில்லை. கையால் லேசாக அமுக்கினால் கொஞ்சம் இறங்குகிறது, விட்டால் திரும்ப எழும்புகிறது. சில்லு மேலே வருகிறது. அறுவைக்கு முன்பே இரண்டு முட்டியும் வளைந்துதான் இருந்தன, சம்மணம் போட முடியாமல் பல வருஷம் ஆயிற்று. இடது முட்டி இப்போதும் நேராக நீளாது, அதை 4 மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். தானாக மடக்கும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா? மயக்கம் கொடுத்து மடக்குவது என்று ஒன்று இருக்கிறதாமே?

---

எலும்பியல்_மதுரை:

அறுவை செய்தவர் சொல்வதே முடிவு, எக்ஸ்ரேயும் அறுவைக் குறிப்பும் அவரிடம்தான் இருக்கும். பொதுவான விவரம் மட்டும் தருகிறேன்.

அதிகமாக மடங்கும் வகை மூட்டு தானாக மடக்கித் தராது. அந்த வடிவமைப்பு, முட்டி ஆழமாக மடங்கும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் விளிம்பில் உரசாமல் இருக்க இடம் விடுகிறது, அவ்வளவே. சாதாரண வகையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் கிடைத்த மடக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தபோது, ஜிஎஸ்டி நீங்கலாக, கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாயும் அதிகமாக மடங்கும் வகைக்கு 56,490 ரூபாயும்தான் நிர்ணயித்தது. பிற்பாடு எவ்வளவு மடங்கும் என்பதை, அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. அம்மாவுக்கு முன்பு 100 டிகிரி மடங்கியிருந்தால் இப்போது 110 நல்ல பலன். 130ஐ எதிர்பார்த்து அவரை வதைக்கக்கூடாது.

எந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால் இலக்கு வைப்பது எளிது. சமதரையில் நடக்க 65 டிகிரி வாக்கில் போதும். படி ஏற 85, இறங்க 90 முதல் 100. சாதாரண உயர நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95 முதல் 105. 6 வாரத்தில் 95 முதல் 100, 12 வாரத்தில் 110 முதல் 120 வந்தால் வாழ்க்கைக்குத் தேவையானது எல்லாம் வந்துவிடும். முன்னேற்றம் ஓராண்டு வரைகூட மெதுவாகத் தொடரும்.

மெஷின்: வாடகைப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அதில் படுத்திருக்கும் நேரத்தில் தசை எதுவும் வேலை செய்வதில்லை. நீண்ட காலப் பலனில் அதனால் பெரிய லாபம் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. கருவியின் கோண அளவில் 90 காட்டினாலும் உண்மையான முட்டி அதைவிடக் குறைவாகவே மடங்கியிருக்கும், அது வேறு. மேலும் உங்கள் பிரச்சினை நீட்டம், மெஷின் அதற்கு எதுவும் செய்யாது.

மயக்கத்தில் மடக்குவது பற்றி: 6 வாரத்தில் நன்றாகப் பயிற்சி செய்தும் 90ஐத் தொடவில்லை என்றால் அதைப் பற்றிப் பேச வேண்டும். 12 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும், அதன்பின் உள்தழும்பு முதிர்ந்துவிடும், எலும்பு முறிவு அபாயமும் கூடும். எலும்பு அடர்த்தி குறைந்த வயதானவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம். மடக்கத்துக்கு இது உதவும் அளவு நீட்டத்துக்கு உதவாது. 6ஆம் வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நாளில் 90க்குக் கீழே இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், 'போகப் போகச் சரியாகும்' என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். பயிற்சி சரியாக இருந்தும் நகராத முட்டியில் கிருமி, பொருத்திய மூட்டின் அளவிலோ அது திரும்பி நிற்கும் கோணத்திலோ கோளாறு இருக்கிறதா என்றும் அப்போது பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியதிலேயே என் கண்ணில் பட்டது இடது முட்டி. அது வளைந்தே இருப்பதால் இடது கால் குட்டையாகிவிட்டது. நிமிர்த்திய வலது கால் அம்மாவுக்கு நீளமாகத் தோன்றும், நிற்கும்போது சமன் செய்ய வலது முட்டியைத் தன்னையறியாமல் மடக்கிக்கொள்வார். நாளெல்லாம் அப்படி நின்று நடந்தால் ராத்திரி 10 நிமிடம் துண்டு வைத்துப் பயனில்லை. இதைப் பிசியோ பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

---

தொடைத்தசை (பிசியோதெரபிஸ்ட்):

டாக்டர் சொன்ன இடது கால் விஷயம் மிகச் சரி. இரண்டு முட்டியும் வளைந்திருந்தது என்ற தகவல் முதலிலேயே கிடைத்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன். அம்மாவைச் சமையல் மேடையைப் பிடித்தபடி நிற்க வைத்து, வலது முட்டியை முடிந்தவரை நிமிர்த்தச் சொல்லுங்கள். இடது குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, அல்லது இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இடது பாதத்துக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம், பிறகு இன்னொன்று என்று வைத்து, இரண்டு இடுப்பெலும்பும் ஒரே மட்டத்துக்கு வரும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 1 முதல் 1.5 செ.மீ. இருக்கும். இடது செருப்புக்கு அடியில் அந்த அளவு ரப்பர் ஒட்டிக்கொடுக்கச் செருப்புத் தைப்பவரே போதும். குதிகாலுக்கு மட்டும் ஒட்டினால் பாதம் முன்னால் சரியும், முழு அடிப்பாகத்துக்கும் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் அந்தச் செருப்போடுதான் நடக்க வேண்டும். இடது முட்டிக்கும் அறுவை முடிந்து நேரானபின் கழற்றிவிடலாம்.

கையால் அமுக்கினால் இறங்குகிறது என்றால் நல்ல செய்தி, எலும்பு தட்டி நிற்கவில்லை, இழுபடக்கூடிய இறுக்கம்தான். குதிகால் பயிற்சி முடிந்த கையோடு சில்லை மேலேற்றும் பயிற்சியை 10 தடவை செய்யுங்கள். புதிதாகக் கிடைத்த நீட்டத்தில் தசையை வேலை செய்யவைத்தால்தான் அது தங்கும். வாரம் 2, 3 டிகிரி குறைந்தால் போதும், அவசரப்பட வேண்டாம்.

நடையும் ஒரு பயிற்சி. வாக்கர் பிடித்துத் தத்தித் தத்திப் பாதத்தைத் தட்டையாக வைக்கிறாரா என்று பாருங்கள். குதிகால் முதலில் தரையில் பட வேண்டும், அந்த நேரத்தில் முட்டி நேராக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்து வீங்கவைப்பதைவிட 5 நிமிடமாக ஆறு தடவை நடப்பது மேல்.

தைலம்: தையல் முழுக்க ஆறியபின், 4 வாரத்துக்கு மேல், தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு இரண்டு விரலால் குறுக்காகவும் நீளமாகவும் 5 நிமிடம் நீவலாம். தோல் அடியில் ஒட்டாமல் இருக்க அது நல்லது. முட்டிச்சில்லைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் மெதுவாக நகர்த்துவதைப் பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உருவிவிட ஆள் வேண்டாம். கெண்டைக்காலை அழுத்தி உருவினால் அங்கே ரத்தக்கட்டி இருக்கும் பட்சத்தில் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். வெந்நீர் ஒத்தடமும் இப்போது வீக்கத்தைக் கூட்டும். கிளினிக்குக்குப் போய் சிகிச்சை எடுக்கத் தொடங்கினால், உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷார்ட்வேவ் டயாதெர்மி வலிக்காக வழக்கமாக வைக்கும் கருவி, உலோக மூட்டின் மேல் வைத்தால் உள்ளே திசு வெந்துவிடும்.

---

வீட்டுவசதி:

வீட்டில் மாற்ற வேண்டியதைச் சொல்கிறேன், பயிற்சியில் கிடைப்பதை வீடே கெடுத்துவிடக்கூடாது.

நாற்காலி: கைப்பிடி உள்ளது, இருக்கை உயரம் 45 முதல் 50 செ.மீ. பிளாஸ்டிக் நாற்காலி பலதும் 42 செ.மீ. வாக்கில்தான் இருக்கும், பின்னங்கால் விரிந்து வழுக்கவும் செய்யும். சோஃபா வேண்டவே வேண்டாம். ஆழமாக அமுங்கிவிட்டால் எழும்போது ஆபரேஷன் ஆகாத முட்டிதான் முழு பாரத்தையும் தாங்கும், அம்மாவுக்கு அதுவும் பழுது. எழும்போது நாற்காலியின் விளிம்புக்கு வந்து, கைப்பிடியை ஊன்றி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் கவிழும்.

கழிவறை: இந்திய முறைக் கழிப்பறைக்கு 12 வாரத்துக்குப் பிறகும் திரும்ப வேண்டாம் என்பேன். ஆழமாகக் குந்த 130 டிகிரிக்கு மேல் வேண்டும், ஈரத்தரையில் பிடிமானமும் இருக்காது. இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் இருக்கை பொருத்திய கமோடு ஸ்டூலை இந்தியக் கோப்பையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம், கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா பாருங்கள். சுவரில் கைப்பிடியைத் திருகும்போது டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பிளக் ஆள் எடையில் பிடுங்கிக்கொண்டு வரும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழவே கூடாது. குளிப்பது உட்கார்ந்தே, உயரமான ஸ்டூலில்.

படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அம்மாவுக்கு இடதும் வலிக்கும் என்பதால் இப்போதைக்கு மாடிக்கு ஏற்ற வேண்டாம், வாசல்படி மட்டும் போதும். உதவிக்கு நிற்பவர் ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது ஒரு படி கீழேயும் நிற்க வேண்டும்.

தடி: நொண்டாமல் வாக்கரில் நடக்கத் தொடங்கியதும் மாறலாம். வலது முட்டிக்கு அறுவை என்றால் தடி இடது கையில். செருப்பு போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். மிதியடி, தரை விரிப்பு, நடைபாதையில் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நைட்டி, சேலை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

பிசியோ செலவு கட்டுப்படியாகாதவர்கள் படித்துக்கொண்டிருந்தால்: தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியது, அதில் வீட்டுக்கு வந்து பிசியோ செய்யும் சேவையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறுவைக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

---

காவிரிக்கரை:

ரொம்ப நன்றி. இடது காலுக்கு அடியில் புத்தகம் வைத்துப் பார்த்தேன், 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வைத்ததும் இடுப்பு மட்டமாகிறது. நாளைக்கே செருப்பு தைக்கக் கொடுக்கிறேன். கடைசியாக ஒன்று: வீட்டில் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் இருக்கிறது. எப்போது ஏற்றலாம்? கோயிலில் மண்டியிட்டு வணங்க முடியுமா என்றும் கேட்கிறார்.

---

தொடைத்தசை (பிசியோதெரபிஸ்ட்):

முழுச் சுற்று சுற்ற 105 முதல் 110 டிகிரி வேண்டும். 85 வந்ததும் ஏற்றி, பெடலை முன்னும் பின்னும் பாதிச் சுற்று ஆட்டச் சொல்லுங்கள், முட்டி பிடிக்கும் இடத்தில் 3 நொடி நிறுத்தித் திரும்ப வேண்டும். இருக்கை உயரமாக இருக்கட்டும், எதிர்ப்பு பூஜ்யம். முதல் முழுச் சுற்று பின்பக்கமாகத்தான் எளிதாக வரும். இடுப்பு ஒரு பக்கம் தூக்கினால் இருக்கையை இன்னும் ஏற்றுங்கள். 5 நிமிடத்தில் தொடங்கலாம். ஏறி இறங்கும்போது ஆள் பிடிக்க வேண்டும், முதல் சில நாள் ஆபத்து அங்கேதான்.

மண்டியிடுவதால் செயற்கை மூட்டு கெடாது. ஆனால் மரத்த தோலில் கல் குத்தினாலும் தெரியாது, எழுவதும் கடினம். குறைந்தது 3 மாதம் கழித்து, டாக்டர் சரி என்றபின், முதலில் கட்டிலில் மெத்தை மேல் கையூன்றிப் பழகலாம். இரண்டாவது முட்டியும் அறுவைக்குக் காத்திருப்பதால் அதற்குப் பிறகே யோசிக்கச் சொல்லுங்கள். அதுவரை நின்றபடி கும்பிடட்டும்.